திரையில் ஒரு வரி: கணக்குப் பட்டியல் உருவாகும் விதமும் அதை வாசிக்கும் முறையும்

இணைய வங்கிச் சேவையிலோ கைபேசிச் செயலியிலோ கணக்கு விவரத்தைத் திறக்கும்போது நாம் காண்பது ஒரு பட்டியல். தேதி, விவரம், பற்று, வரவு, இருப்பு என்ற ஐந்து கட்டங்கள் வரிக்கு வரி மாறாமல் அமைகின்றன. பழைய பாஸ்புத்தகத்தின் பக்கத்தையே இது நினைவூட்டுவதால், அந்தப் புத்தகத்தைப் போலவே இதுவும் ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்ட ஒன்று என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் திரையில் தோன்றும் பட்டியல் எங்கும் எழுதி வைக்கப்பட்டதன்று. நீங்கள் கேட்கும் ஒவ்வொரு முறையும் அது புதிதாக வரையப்படுகிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், "ஒரே தொகை இருமுறை பிடிக்கப்பட்டுள்ளது", "நேற்று இருந்த வரியை இன்று காணவில்லை" என்பன போன்ற ஐயங்களில் பாதியை வாடிக்கையாளர் தாமே தீர்த்துக்கொள்ளலாம். உண்மையான குறைகள் எவை என்பதையும் காலம் தாழ்த்தாமல் இனங்காணலாம்.

வங்கியின் மையக் கணினியில் இருப்பது பேரேடு. உங்கள் கணக்கில் நிகழும் ஒவ்வொரு பற்றும் வரவும் அங்கே ஒரு தனிப் பதிவு. அப்பதிவில் நீங்கள் காணும் ஐந்து கட்டங்களைத் தவிர வேறு பல செய்திகளும் உள்ளன: பரிவர்த்தனை எண், நிகழ்ந்த நேரம், எந்த வழியாக வந்தது, எந்தக் கிளையைச் சேர்ந்தது, மதிப்புத் தேதி எது என்பன போன்றவை. கணக்கு விவரத்தை நீங்கள் கேட்டவுடன், நீங்கள் குறிப்பிட்ட கால அளவுக்குள் அடங்கும் பதிவுகள் ஒரு தொகுப்பாகத் திரட்டப்பட்டு இணையச் செயலியிடம் தரப்படுகின்றன. அந்தத் தொகுப்பைக் கண்ணுக்குத் தெரியும் வடிவில் காட்டுவது செயலியின் காட்சிப் பகுதியின் வேலை.

காட்சிப் பகுதியை எழுதும் நிரலர், நூறு பரிவர்த்தனைகளுக்கு நூறு வரிகளை எழுதுவதில்லை. ஒரே ஒரு வரிக்கான வார்ப்புருவை மட்டும் அமைக்கிறார். இன்ன இடத்தில் தேதி, இன்ன இடத்தில் விவரம், பற்றாயின் இந்தக் கட்டம், வரவாயின் அந்தக் கட்டம் என்பதே அந்த வார்ப்புரு. பின்னர், "தொகுப்பில் உள்ள ஒவ்வொரு பதிவுக்கும் இதை ஒருமுறை பயன்படுத்து" என்ற ஒரே கட்டளையைத் தருகிறார். செங்கல் அறுக்கும் அச்சைப் போன்றது இது. அச்சு ஒன்றுதான், மண்தான் மாறுகிறது. ரூபி ஆன் ரெயில்ஸ், ஜாங்கோ, லாராவெல், ரியாக்ட் என இணையச் செயலிகளை உருவாக்கப் பயன்படும் கருவிகள் பலவாயினும், இந்த முறை எல்லாவற்றிலும் பொதுவானது. ரெயில்ஸில் வரிக்கான வார்ப்புரு ஒரு தனிக் கோப்பாகவே வைக்கப்படும். கோப்பின் பெயர் அடிக்கோட்டில் தொடங்கினால், அது முழுப் பக்கமன்று, பக்கத்தின் ஒரு துண்டு என்று பொருள்.

இதிலிருந்து ஒரு பயனுள்ள முடிவு கிடைக்கிறது. வார்ப்புருவில் பிழை இருந்தால் அது ஒரு வரியில் மட்டும் தோன்றாது, எல்லா வரிகளிலும் தோன்றும். எல்லா வரிகளிலும் பைசா விடுபட்டிருந்தால் அது காட்சியின் குறை. ஒரே ஒரு வரியில் மட்டும் தொகை மாறுபட்டுத் தெரிந்தால், காட்சியைக் குறை கூறாமல் அந்தப் பதிவைப் பற்றியே விசாரிக்க வேண்டும்.

இனி, மிகுதியாக எழும் ஐயத்துக்கு வருவோம். ஆண்டு முழுவதற்குமான பரிவர்த்தனைகளை ஒரே பக்கத்தில் காட்டினால் திரை திறக்கவே நெடுநேரமாகும். எனவே பத்து அல்லது இருபது வரிகள் கொண்ட பக்கங்களாகப் பிரிக்கின்றனர். புதிய பரிவர்த்தனை மேலே, பழையது கீழே என்பது வழக்கமான வரிசை. இரண்டாம் பக்கத்தை நீங்கள் கேட்கும்போது எளிய முறையில் அமைந்த செயலி, "முதல் பத்துப் பதிவுகளைத் தவிர்த்து, அடுத்த பத்தைத் தா" என்று பேரேட்டிடம் கேட்கிறது. நீங்கள் முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு நிமிட இடைவெளியில் உங்கள் கணக்கில் ஒரு வரவு வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? புதிய பதிவு வரிசையின் தலையில் அமர, மற்றவை அனைத்தும் ஓரிடம் கீழே இறங்கும். பத்தாவதாக இருந்த பதிவு இப்போது பதினொன்றாவது. முதல் பத்தைத் தவிர்த்துக் காட்டப்படும் இரண்டாம் பக்கத்தின் முதல் வரியாக அதே பதிவு மீண்டும் தோன்றும். பணம் ஒருமுறைதான் பிடிக்கப்பட்டது, ஆனால் கண்ணுக்கு இருமுறை தெரிகிறது.

இதைக் கண்டறிய நிரல் அறிவு வேண்டியதில்லை, கணக்குப் பதிவியலின் அரிச்சுவடி போதும். இருப்புக் கட்டத்தைப் பாருங்கள். ஓர் எடுத்துக்காட்டு: மளிகைக் கடைக்குச் செலுத்திய 2,340 ரூபாய், முதல் பக்கத்தின் இறுதியிலும் இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்திலும் காணப்படுகிறது என்று கொள்வோம். இரு வரிகளிலும் இருப்பு 41,860 ரூபாய் என்றே இருந்தால், அவை ஒரே பதிவின் இரு தோற்றங்கள். உண்மையாகவே இருமுறை பிடிக்கப்பட்டிருந்தால், முந்தைய பற்றுக்குப் பின் இருப்பு 44,200 ரூபாய் என்றும் பிந்தையதற்குப் பின் 41,860 ரூபாய் என்றும் இறங்கியிருக்கும். இரு பற்றுகளுக்கும் நடுவில் அதே தொகை வரவாக வந்திருந்தால் மட்டுமே இருப்பு ஒன்றாக இருக்க முடியும். அப்போது அந்த வரவு இடையில் ஒரு வரியாக நிற்கும். ஓடும் இருப்பு என்னும் இந்தக் கட்டத்தைச் சில புதிய செயலிகள் இட நெருக்கடியைக் காரணம் காட்டி நீக்கிவிடுகின்றன. அழகு கருதி அளவுகோலையே எடுத்துவிடும் செயல் அது என்பது என் கருத்து.

பற்றுகளை மட்டும் காட்டு, ஐயாயிரத்துக்கு மேற்பட்டவற்றை மட்டும் காட்டு என்று வடிகட்டிப் பார்க்கும்போது இந்தச் சோதனை பயன்படாது. இருப்பு என்பது முழுத் தொகுப்பின் வரிசையில் கணிக்கப்பட்டது. இடையில் உள்ள வரிகள் மறைக்கப்பட்டால் ஒரு வரியின் இருப்புக்கும் அடுத்ததற்கும் தொடர்பு தெரியாது. ஆகவே வடிகட்டியை நீக்கிவிட்டுச் சரிபார்க்க வேண்டும்.

இருப்புக்கு அடுத்த சான்று பரிவர்த்தனை எண். வரியைத் தொட்டால் விரியும் விவரப் பகுதியில் அது இருக்கும். யுபிஐ, ஐஎம்பிஎஸ் வழிப் பரிவர்த்தனைகளுக்கு 12 இலக்க எண். என்இஎஃப்டி வழியே அனுப்பியதற்கு எண்ணும் எழுத்தும் கலந்த 16 குறிகள், ஆர்டிஜிஎஸ் எனில் 22 குறிகள். தேதியும் கடையின் பெயரும் தொகையும் ஒத்திருந்தாலும் எண்கள் வேறாயின் அவை இரு வேறு பரிவர்த்தனைகள். காலையில் ஒரு தேநீரும் மாலையில் ஒரு தேநீரும் அதே கடையில் அருந்தியவருக்கு இது எளிதில் விளங்கும். எண் ஒன்றாகவே இருந்து, ஒரு வரி பற்றாகவும் மற்றொரு வரி வரவாகவும் இருந்தால், நிறைவேறாத பரிவர்த்தனையின் பணம் திரும்ப வந்துள்ளது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

பக்கப் பிரிப்பில் உள்ள இந்தக் குறையை நல்ல செயலிகள் வேறு விதமாகக் கையாளுகின்றன. "முதல் பத்தைத் தவிர்" என்று கேளாமல், "கடைசியாகக் காட்டிய இந்தப் பதிவுக்கு முந்தையவற்றைத் தா" என்று கேட்கின்றன. தலைப்பகுதியில் எத்தனை புதிய பதிவுகள் சேர்ந்தாலும் தொடரும் இடம் பிசகாது.

வணிக நிறுவனங்களின் நடப்புக் கணக்கை இயக்குவோர் இதன் மறுபக்கத்தை அறிந்திருத்தல் அவசியம். நிறுவனக் கணக்குகளில் ஒருவர் பணம் செலுத்தும் கோரிக்கையைப் பதிவிட, மற்றொருவர் அதைச் சரிபார்த்து அனுமதி வழங்குவது நடைமுறை. அனுமதிக்குக் காத்திருக்கும் கோரிக்கைகளும் ஒரு தொகுப்புதான். ஆனால் பேரேட்டைப் போல் அது வளர்ந்துகொண்டே செல்வதில்லை, அனுமதி பெற்றவை அதிலிருந்து நீங்கிக்கொண்டே இருக்கும். மாத இறுதியில் முப்பது ஊழியர்களின் சம்பளம் மூன்று பக்கங்களில் காத்திருக்கிறது என்க. முதல் பக்கத்தின் பத்தையும் அனுமதித்துவிட்டு இரண்டாம் பக்கத்துக்குச் செல்கிறீர்கள். தொகுப்பில் இப்போது இருபதுதான் உள்ளன. "முதல் பத்தைத் தவிர்" என்ற கட்டளையின்படி, பதினொன்று முதல் இருபது வரை இருந்தவர்கள் தவிர்க்கப்பட்டு, கடைசிப் பத்துப் பேர் திரையில் தோன்றுவர். அவர்களையும் அனுமதித்து, வேலை முடிந்தது என்று வெளியேறினால், இடையில் இருந்த பத்துப் பேருக்குச் சம்பளம் சேராது. இத்தகைய பட்டியலில் அடுத்த பக்கத்துக்குச் செல்வதைவிட, ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்தையே புதுப்பித்து, அது வெறுமையாகும் வரை தொடர்வதே பாதுகாப்பானது. இறுதியில் எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் சம்பளப் பட்டியலோடு ஒப்பிடுதல் வேண்டும்.

அதே அனுமதிப் பட்டியலில் இன்னும் நுட்பமான ஓர் இடர் உண்டு. ரியாக்ட் போன்ற கருவிகள், தொகுப்பில் மாற்றம் நேர்ந்தால் திரை முழுவதையும் அழித்து எழுதுவதில்லை. முன்பு வரைந்த வரிகளில் எவற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்து, மாறியவற்றை மட்டும் திருத்துகின்றன. அதற்காக ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாளச் சாவி தரவேண்டும் என்று நிரலரிடம் அக்கருவி கேட்கிறது. பதிவின் சொந்த எண்ணையே சாவியாகத் தருவது முறை. சோம்பல்பட்ட நிரலர் முதல் வரி, இரண்டாம் வரி, மூன்றாம் வரி என்ற வரிசை எண்ணைத் தந்துவிடுவதுண்டு. மூன்றாம் வரியில் உள்ள கோரிக்கையைத் தேர்ந்து கட்டத்தில் நீங்கள் குறியிடுகிறீர்கள். அக்கணம் தலையில் ஒரு புதிய கோரிக்கை வந்து சேர்கிறது. நீங்கள் தேர்ந்த கோரிக்கை நான்காம் இடத்துக்கு இறங்கிவிடும். குறியோ மூன்றாம் இடத்திலேயே நிற்கக்கூடும். அங்கே இப்போது இருப்பது வேறொருவருக்குச் செல்லவேண்டிய பணம்.

வங்கிக் கிளைகளில் பித்தளை டோக்கன் கொடுத்த காலத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காசாளர், "வரிசையில் மூன்றாமவர் வாருங்கள்" என்று அழைக்கமாட்டார், டோக்கன் எண்ணையே அழைப்பார். வரிசையில் யார் முன்னே நகர்ந்தாலும், யார் தண்ணீர் அருந்தச் சென்றாலும், பணம் உரியவரின் கைக்கே போய்ச் சேரும். இடத்தை நம்பாமல் எண்ணை நம்பும் அந்த ஒழுங்கைத்தான் திரையிலும் நாம் எதிர்பார்க்கிறோம். அனுமதியை உறுதிசெய்யும் இறுதித் திரையில் பெறுபவர் பெயரும் கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்களும் தொகையும் மீண்டும் காட்டப்படுவது இதற்காகவே. அவசரத்தில் அதைப் படிக்காமல் தள்ளிவிடுவோர் பலர்.

தேதிக் கட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். கணினிகள் பல, நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமிக்கின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. காட்சிப் பகுதி அதை இந்திய நேரத்துக்கு மாற்றிக் காட்ட வேண்டும். மாற்றத் தவறினால், அதிகாலை 5.30 மணிக்கு முன் நிகழ்ந்தவை அனைத்தும் முந்தைய நாளின் தேதியோடு தோன்றும். என்இஎஃப்டி 2019 டிசம்பர் முதலும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் முதலும் நாள் முழுவதும் இயங்குவதால், நள்ளிரவுக்குப் பின் பணம் அனுப்புவது இன்று இயல்பு. ஏப்ரல் 1 அதிகாலையில் செலுத்தியது மார்ச் 31 என்று தெரிந்தால் நிதியாண்டே மாறிவிடுகிறது. வரிக் கணக்குக்குத் திரையில் கண்டதை எழுதிவைக்காமல், வங்கி வழங்கும் கணக்கு அறிக்கையில் உள்ள தேதியையே கொள்ளவேண்டும்.

விவரக் கட்டத்தில் தோன்றும் சொற்கள் எல்லாம் வங்கியின் சொற்கள் அல்ல. பணம் அனுப்புபவர் தட்டச்சு செய்யும் குறிப்பும் அங்கே இடம்பெறக்கூடும். பிறர் எழுதியதை எழுத்தாக மட்டுமே காட்ட வேண்டும், கட்டளையாக ஏற்று இயக்கிவிடக் கூடாது என்பதில் காட்சிப் பகுதியை எழுதுவோர் கவனமாக இருப்பர். வாசிப்பவருக்கும் அதே கவனம் தேவை. முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து ஒரு ரூபாய் வரவு வந்து, அதன் குறிப்பில் ஓர் எண்ணை அழைக்குமாறு இருந்தால், அது வங்கிப் பட்டியலுக்குள் தெரிகிறது என்பதாலேயே வங்கியின் அறிவிப்பாகிவிடாது.

"பரிவர்த்தனைகள் ஏதுமில்லை" என்ற வாசகமும் கவனத்துக்குரியது. தொகுப்பில் ஒரு பதிவும் இல்லையென்றால் வார்ப்புரு ஒருமுறையும் பயன்படாது, திரை வெறுமையாகிவிடும். அதனால்தான் வெற்றுத் தொகுப்புக்கென்று தனி வாசகம் எழுதப்படுகிறது. ஜாங்கோவில் அதற்கெனக் கட்டளையே உண்டு. ஆனால் பேரேட்டோடு தொடர்பு கொள்ள முடியாத நிலையிலும் இதே வாசகத்தைக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. இல்லை என்பதும் தெரியவில்லை என்பதும் வெவ்வேறு. தேதி வரம்பைச் சரிபார்த்து, சற்றுப் பொறுத்து மீண்டும் பார்த்த பிறகே பதற்றப்படலாம்.

பார்வைக் குறைபாடு உடைய வாடிக்கையாளர்களுக்குத் திரை வாசிப்பான் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொல்கிறது. பற்றைச் சிவப்பிலும் வரவைப் பச்சையிலும் காட்டிவிட்டு, இரண்டுக்கும் ஒரே கட்டத்தைப் பயன்படுத்தும் வார்ப்புரு அவர்களுக்கு வெறும் எண்ணையே ஒலிக்கும், வந்ததா போனதா என்று சொல்லாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோருக்கும் இதே நிலைதான். உங்கள் செயலியில் இக்குறை இருந்தால் வங்கிக்கு எழுதுங்கள். ஒரு வார்ப்புருவைத் திருத்தினால் எல்லா வரிகளும் திருந்திவிடும் என்பதால், இத்தகைய முறையீடுகள் எளிதில் பலன் தரக்கூடியவை.

மற்றொரு குழப்பம், கட்டணச் செயலியின் வரலாற்றுப் பட்டியலையும் வங்கியின் கணக்கு விவரத்தையும் ஒன்றெனக் கருதுவது. முன்னது நீங்கள் தொடங்கிய முயற்சிகளின் தொகுப்பு, தோல்வியுற்றவையும் நிலுவையில் உள்ளவையும் அதில் இருக்கும். பின்னது பேரேட்டில் ஏறிய பதிவுகளின் தொகுப்பு. செயலியில் "தோல்வி" என்றிருந்து, வங்கிப் பட்டியலில் பற்று மட்டும் நின்றால், அது காட்சிப் பிழையன்று. யுபிஐ மூலம் ஒருவருக்கு அனுப்பிய பணம் அவர் கணக்கில் சேராவிடில், மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வரவேண்டும். வணிகருக்குச் செலுத்தி உறுதிப்பாடு வராவிடில், ஐந்து நாட்களுக்குள் திரும்ப வேண்டும். தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் ஈடு உண்டு என்பது ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வகுத்த விதி.

இருப்பும் எண்ணும் பார்த்த பின்னும் ஒரு பற்று உங்களுடையது அல்ல என்று தெரிந்தால், மீண்டும் மீண்டும் திரையைப் புதுப்பித்துக்கொண்டிராமல் உடனே வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். 2017 ஜூலை 6 நாளிட்ட ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைப்படி, குறை வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வேறிடத்தில் இருந்து, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் அவர் தெரிவித்துவிட்டால், அவருக்கு இழப்பு ஏதும் இல்லை. தகவல் வந்த நாள் இக்கணக்கில் சேராது. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் எனில் வரையறுக்கப்பட்ட தொகை வரை அவர் ஏற்கவேண்டியிருக்கும், பொதுவான சேமிப்புக் கணக்குக்கு அது 10,000 ரூபாய். அதற்கும் பின் என்றால் அந்தந்த வங்கியின் கொள்கையைப் பொறுத்தது. கடவுச்சொல்லைத் தாமே பிறருக்குக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நேரும் இழப்பு முழுவதும் அவருடையது.

முறையீட்டில் திரையின் படத்தை மட்டும் இணைப்பது போதாது. படத்தில் இருப்பது அந்த நொடியில் வரையப்பட்ட ஒரு காட்சி. "இரண்டாம் பக்கத்தில் மூன்றாம் வரி" என்று எழுதினால், அதைப் படிக்கும் அலுவலரின் திரையில் அந்த வரி வேறிடத்தில் இருக்கும். பரிவர்த்தனை எண், தேதி, தொகை ஆகிய மூன்றையும் எழுத்தால் குறிப்பிடுங்கள். வழக்கு வரை செல்ல நேர்ந்தால், 1891 ஆம் ஆண்டின் வங்கியாளர் ஏடுகள் சான்றுச் சட்டத்தின்படி வங்கி சான்றளித்து வழங்கும் பதிவு நகலைக் கேட்டுப் பெறலாம். கணினியில் சேமித்த ஏடுகளின் அச்சுப்படிகளும் 2000 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தால் அதன் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டுள்ளன. முறையீடு செய்தவுடன் தரப்படும் புகார் எண்ணையும், அது தரப்பட்ட தேதியையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நாட்களைக் கணக்கிடும்போது முதலில் கேட்கப்படுவது அதுதான்.